மொபைலா, காலேஜ் கேமராவா, வாடகையா, கல்யாண வீடியோ அண்ணனா? குறும்படக் குழுவுக்கு ஒரு கணக்கு

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் வருஷம், குழுவில் ஆறு பேர், பத்து நிமிஷப் படம், ஆளுக்கு ஐந்நூறு போட்டால் கையில் மூவாயிரம். கதை ஏறக்குறைய முடிவாகிவிட்டது, யார் டைரக்டர் என்ற சண்டையும் ஒருவழியாக ஓய்ந்துவிட்டது, அடுத்துக் குழு இரண்டாகப் பிரிவது எதில் எடுப்பது என்ற இடத்தில்தான். ஒருவர் என் ஃபோனே போதும் என்பார், இன்னொருவர் சென்னை வடபழனியில் வாடகைக்கு எடுத்தால்தான் சினிமா மாதிரி இருக்கும் என்பார், மூன்றாமவர் டிபார்ட்மென்ட் கேமரா சும்மாதானே கிடக்கிறது என்பார், நாலாவது ஆளுக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் பெரியப்பா பையன் ஒருவர் எப்படியும் இருப்பார்.

நாலு வழியிலும் எடுத்த படங்கள் என்னிடம் எடிட்டுக்கு வருகின்றன. ஷூட்டிங்கில் யார் எவ்வளவு வெயிலில் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியாது, ஹார்ட் டிஸ்க்கில் வந்து சேர்ந்தது மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எந்தக் கேமரா அழகான படம் தரும் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பது.

## முதலில் எவற்றைப் பார்ப்பது

பக்கக் கணக்கு. ஒழுங்காக எழுதிய திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிஷம் ஓடும். பத்து நிமிஷப் படத்துக்குப் பத்துப் பக்கம். புதுக் குழு ஒரு நாளில் மூன்று, நாலு பக்கம் எடுத்து முடித்தாலே நல்ல வேகம், அதுவும் ஒரே வீட்டுக்குள் என்றால். இடையில் இடம் மாற வேண்டியிருந்தால் அதில் பாதி. ஆக, பத்துப் பக்கத்துக்கு மூன்று நாள், நீங்கள் எவ்வளவு நம்பிக்கையாக இருந்தாலும் மூன்று நாள். இந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி நடுவில் வைத்துக்கொண்டு அப்புறம் கேமரா பேசுங்கள்.

மறுபடி எடுக்க முடியுமா. ஏதாவது ஒரு ஷாட் கட்டாயம் விட்டுப்போகும். கதவைத் திறந்து உள்ளே வரும் கை, அவள் கடிதத்தைப் பார்க்கும் குளோஸப், இப்படி ஒன்று. எடிட்டில் உட்கார்ந்த பிறகு தெரியவரும் அந்த ஒன்றை எடுக்க அதே கேமரா திரும்பக் கிடைக்குமா?

சத்தம். வசனம் உள்ள படமா, டப்பிங்கா, நேரடி ஒலியா. இதைத் தனியாகப் பேச வேண்டும், கீழே வருகிறேன்.

வெளிச்சம். கதை பகலிலா, இரவிலா, ட்யூப் லைட் எரியும் அறைக்குள்ளா.

பணம், அதோடு உடைந்தால் யார் கட்டுவது. இரண்டாவது பாதியை யாரும் கூட்டத்தில் எடுப்பதில்லை.

எடிட் செய்யப்போகும் கம்ப்யூட்டர். 4கே என்ற உயர்தர வீடியோக் கோப்புகளைத் திறந்தால் திணறும் லேப்டாப் என்றால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஏதாவது ஒரு மாதிரிக் கோப்பை எடிட்டிங் மென்பொருளில் போட்டு ஓட்டிப் பாருங்கள், பத்து நிமிஷ வேலை.

## மொபைல்

மொபைலை ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2015-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவிலேயே ஐஃபோன் 5எஸ்-இல் எடுத்த முழுநீளப் படம் திரையிடப்பட்டு எல்லோரும் பேசினார்கள், உங்கள் கையில் இருப்பது அதைவிடப் பல மடங்கு நல்ல கேமரா. ஆனால் அந்தப் படத்தில் லென்ஸ் மேல் தனியாக ஓர் அடாப்டர் போட்டிருந்தார்கள், ஒலியைத் தனிக் கருவியில் பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பாதிக் கதையை யாரும் சொல்வதில்லை.

மொபைலின் பலம் நாட்கள்தான். மூன்று நாள் வேண்டுமா, மூன்று நாள் இருக்கிறது. நடிகர் ஞாயிறு சாயங்காலம் மட்டும்தான் வருவாரா, நாலு ஞாயிறு எடுக்கலாம். விட்டுப்போன அந்தக் கைக் குளோஸப்பை எடிட் நடக்கும் அன்றைக்கே மாடியில் போய் எடுத்துவிடலாம். பேருந்துக்குள், டீக்கடையில், ஹாஸ்டல் பாத்ரூமில் கேமரா நுழையாத இடத்தில் எல்லாம் ஃபோன் நுழையும். அதற்காக அனுமதி வேண்டாம் என்று அர்த்தமில்லை. ரயில் நிலையம், மெட்ரோ மாதிரி இடங்களில் ஃபோனில் எடுத்தாலும் படப்பிடிப்பு படப்பிடிப்புதான், நடிகரை நிறுத்தி வசனம் பேச வைத்த நிமிஷமே யாராவது வந்து கேட்பார்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். பணமாக வராது, தலைவலியாக வரும்.

ட்யூப் லைட் முதலில். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, நம் கண்ணுக்குத் தெரியாது. ஃபோன் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேமில் (30 தனித்தனிப் படங்களாக) எடுக்கும்படி அமைத்துத்தான் வரும், ஷட்டரும் அதற்கேற்ற எதையாவது தானாகத் தேர்ந்துகொள்ளும், இரண்டும் ஒத்துப்போகாமல் சுவரெல்லாம் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்ந்துகொண்டே இருக்கும். ஃபோனின் சின்னத் திரையில் இது கண்ணில் படாது. பெரிய திரையில் போட்டால் நடிகரை விட்டுவிட்டுச் சுவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். எடிட்டில் சரிசெய்வது பெரும்பாடு. தீர்வு சுலபம்: 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் வெளிச்சம். ஐஃபோனில் கேமரா செட்டிங்கில் பால் (PAL) ஃபார்மட் என்பதைத் திறந்துவிட்டால் 25 வந்துவிடும். மற்ற ஃபோன்களில் ப்ரோ வீடியோ மோடு இருந்தால் அதில் தேடுங்கள், இல்லாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது, உங்கள் மாடலில் ஓடுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம், வண்ணம், ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட்டு எடுங்கள். பூட்டாமல் எடுத்தால் நீலச் சட்டைக்காரர் ஃபிரேமுக்குள் வந்ததும் அறை முழுக்க மஞ்சளாகும், அவர் வெளியே போனதும் பழையபடி ஆகும்.

அடுத்து, ஃபோன் ஃபிரேம்களைச் சீரான இடைவெளியில் பதிவு செய்வதில்லை, வெளிச்சத்தைப் பொறுத்து கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தனியாக ஒலி பதிவு செய்திருந்தால் ஷாட்டின் ஆரம்பத்தில் உதடும் சத்தமும் சேர்ந்திருக்கும், போகப்போக விலகும். எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் மாதிரி ஓர் இலவச மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் தொல்லை இல்லை, ஆனால் அதற்கு ஒரு ராத்திரி போகும்.

அப்புறம் வாட்ஸ்அப். ஆறு பேர் குழுவில் யாராவது ஒருவர் நல்ல ஷாட்டைத் தன் ஃபோனில் எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் குரூப்புக்கு அனுப்பி, ஒரிஜினலை இடமில்லை என்று அழித்திருப்பார். வாட்ஸ்அப்பில் வந்தது நசுங்கின படம், அதிலிருந்து பழைய தரத்தை மீட்க எந்த மென்பொருளும் இல்லை. கேபிள் போட்டு மாற்றுங்கள். ஐஃபோனில் 4கே 24 ஃபிரேம் நிமிஷத்துக்கு சுமார் 135 எம்பி, ஒரு நாளில் ஒரு மணி நேரம் பதிவானால் 8 ஜிபி. பெரிய விஷயமே இல்லை, ஆனால் அந்த ஃபோனில் ஏற்கெனவே குலதெய்வம் கோயில் போன படங்களிலிருந்து ரீல்ஸ் வரை நிறைந்திருந்தால் இந்த 8 ஜிபிக்குக்கூட இடமில்லாமல் ஷூட்டிங் நடுவில் பதிவு நின்றுவிடும்.

ஒரே ஃபோனில் எடுங்கள். இரண்டு கம்பெனி ஃபோன்களின் தோல் நிறம் ஒத்துப்போகாது. யார் ஃபோனோ அவர் அன்றைக்கு ஃபோன் இல்லாத மனுஷன், ஏரோபிளேன் மோடில் போட்டு ஒப்படைத்துவிட வேண்டும். இதற்குச் சம்மதிக்கிற ஆள்தான் உண்மையில் இந்த வழியின் மிகப் பெரிய செலவு.

இரவுக் காட்சி அதிகமுள்ள கதை என்றால் மொபைல் வேண்டாம். இருட்டில் வரும் புள்ளிகளை மறைக்க ஃபோன் முகத்தை வழித்துவிடும், எல்லோரும் மெழுகு பூசியதுபோல் இருப்பார்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் காட்சி என்றாலும் யோசியுங்கள், ஃபோன் சூடேறித் தானாகவே நின்றுவிடும்.

## காலேஜ் கேமரா

இலவசம் என்பார்கள். பணமாகப் பார்த்தால் இலவசம்தான்.

நடைமுறை இப்படி இருக்கும்: ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்துப் போட்ட கடிதம், லேப் அசிஸ்டென்ட்டிடம் ரெஜிஸ்டரில் பதிவு, காலை ஒன்பதரைக்கு எடுத்து நாலரைக்குள் திருப்பிக் கொடுப்பது. ராத்திரி வெளியே தரமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டு. நாலரைக்குத் திருப்ப வேண்டுமென்றால் மூன்றரைக்கே எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும், சாயங்கால வெயில் நன்றாக விழுகிற நேரத்தில் நீங்கள் டிராஃபிக்கில் நிற்பீர்கள். சப்மிஷனுக்கு முந்தின இரண்டு வாரம் எல்லாக் குழுவுக்கும் அதே கேமராதான் வேண்டும். கடைசியில் சார்ஜ் நிற்காத பேட்டரியும், யாரோ அழிக்காமல் விட்ட மெமரி கார்டும் உங்கள் பங்குக்கு வரும்.

ஆனால் இந்த வழியைச் சட்டென்று ஒதுக்காதீர்கள். ட்ரைபாட் வரும், சில இடங்களில் விளக்கும் மைக்கும்கூட வரும், கேமராவை விட இவைதான் மதிப்பு. என் அபிப்பிராயம், காலேஜில் கேட்க வேண்டிய முதல் பொருள் கேமராவே இல்லை, ட்ரைபாடும் ஒலிப்பதிவுக் கருவியும்தான். கேமராவுக்கு அடித்துக்கொள்ளும் நாளில் இவற்றை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

எந்த மாடல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல லேப்களில் இருக்கும் கேனன் 1500டி-இல் வெளி மைக் சொருக இடமே கிடையாது, வீடியோவில் நடிகர் நகர்ந்தால் ஃபோகஸ் பின்னால் ஓடிப் பிடிக்கத் தடுமாறும். அதே வரிசையில் 200டி என்றால் மைக் சொருகலாம், முகத்தை ஃபோகஸ் ஒழுங்காகப் பின்தொடரும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டி, எடிட்டில் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, இந்த கேமராக்கள் நீளமான ஷாட்டை 4 ஜிபி துண்டுகளாக வெட்டிச் சேமிக்கக்கூடும், கார்டிலிருந்து மாற்றும்போது ஒரு துண்டை மட்டும் மாற்றிவிட்டுக் கார்டை அழித்துவிடாதீர்கள்.

எப்போது இது சரி? கதை காலேஜுக்குள்ளேயே நடக்கும்போது. வகுப்பறை, நூலகம், கேன்டீன், பகல் நேரம். எடுத்த இடத்திலிருந்து லேப்புக்கு நடந்து போகிற தூரம் என்றால் நாலு மணி வரை எடுக்கலாம், அனுமதிக்கும் அலைய வேண்டாம். செமஸ்டர் ஆரம்பத்தில், மற்றக் குழுக்கள் கதை டிஸ்கஷனில் இருக்கும்போதே எடுத்துவிடுகிற குழுவுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அப்படி ஒரு குழுவை நீங்கள் பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள்.

## வாடகை கேமரா

சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் போனால் எதுவும் கிடைக்கும், மற்ற ஊர்களில் கல்யாண வீடியோ ஆட்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கும். நாள் வாடகை பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவுக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள். லென்ஸ் தனி, கூடுதல் பேட்டரி தனி, கார்டு தனி, ட்ரைபாட் தனி, ஆட்டத்தைக் குறைக்கும் கைப்பிடியான கிம்பல் தனி. ஃபோனில் கேட்ட தொகை ஒன்று, கடையில் பில் போடும்போது வரும் தொகை வேறு. அதற்கு மேல் அடையாள அட்டை ஒரிஜினல், சில கடைகளில் முன்பணம், வெளியூர்ப் பையன்கள் என்றால் உள்ளூர் ஆள் ஒருவரின் பொறுப்பு.

நமது கணக்குக்கு வருவோம். கையில் மூவாயிரம். பாடியும் ஒரு நல்ல லென்ஸும் எடுத்தாலே ஒரு நாளில் பெரும்பகுதி போய்விடும். ஆறு பேர் குழு, நடிகர்கள் மூன்று பேர், ஒன்பது பேருக்கு மதியச் சாப்பாடு, டீ, ஆட்டோ. ஆக உங்களால் முடிவது ஒரே ஒரு நாள். ஒரு நாளில் பத்துப் பக்கமா? அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு இன்னும் நாலு பக்கம் மிச்சம் இருக்கும், கேமராவைத் திருப்ப வேண்டும், டைரக்டர் முழுக் காட்சியையும் ஒரே ஷாட்டில் அடக்கும் மாஸ்டர் ஷாட் மட்டும் எடுத்துத் தள்ளிக்கொண்டே போவார். என்னிடம் வரும்போது படத்தின் முதல் பாதியில் ஒரு காட்சிக்கு எட்டு ஷாட், இரண்டாம் பாதியில் ஒன்று. முதல் பாதி சினிமா, இரண்டாம் பாதி சிசிடிவி.

வாடகைக்கு எடுக்க முடிவு செய்தால் கதையை நாலு பக்கமாகச் சுருக்குங்கள். இதைச் சொன்னால் எழுதியவர் முகம் சுண்டிவிடும். பரவாயில்லை. நாலு நிமிஷப் படம் ஒன்று நன்றாக வந்தால் மதிப்பெண் குறைவதில்லை, எத்தனை நிமிஷம் கட்டாயம் என்று மட்டும் பேராசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழையும் இருக்கிறது. ஜூனில் தொடங்கும் செமஸ்டரின் படங்கள் எடுக்கப்படுவது பெரும்பாலும் அக்டோபரில், அதாவது வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும் மாதத்தில். மழை பெய்தாலும் வாடகை வாடகைதான். வெளிப்புறக் காட்சி உள்ள கதைக்கு அக்டோபர், நவம்பரில் ஒரே நாள் வாடகை என்பது சூதாட்டம்.

முகூர்த்த நாளையும் பாருங்கள், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காலண்டரில் வளர்பிறை முகூர்த்தம் என்று போட்டிருக்கும் நாளில் ஊரில் உள்ள எல்லா நல்ல கேமராவும் ஏதாவது ஒரு மண்டபத்தில் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கேமராக்கள் கடையில் தூங்கும், பேரம் பேசலாம். வேடிக்கை என்னவென்றால், அதே ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஸ்பீக்கர், மார்கழியில் விடிகாலையிலேயே திருப்பாவை. கேமரா மலிவாகக் கிடைக்கும் மாதத்தில் அமைதி கிடைக்காது. டப்பிங் படம், அல்லது வசனமே இல்லாத படம் என்றால் ஆடி பொற்காலம்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு லாக், அதாவது பின்னால் நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதிவு செய்யும் முறை. சோனி ஏ7 3 மாதிரிக் கேமரா கைக்கு வந்ததும் எஸ்-லாக்கில் எடுத்தால்தான் கலரிங் பண்ணலாம் என்று யூடியூபில் பார்த்ததைச் செய்துவிடுவார்கள். சாம்பல் பூத்த படம் வரும், வெளிச்சமும் குறைவாக எடுத்திருப்பார்கள், அதைத் தூக்கி நிறுத்தினால் நிழலெல்லாம் புள்ளி, சுவரில் பட்டை பட்டையாக நிறம் உடையும். அந்தக் கேமரா நிறத்தை 8 பிட் அளவில், அதாவது குறைந்த நிறப் படிகளில்தான் பதிவு செய்கிறது, அதற்கு மேல் இழுக்க அதில் சரக்கு இல்லை. கலரிங் செய்யத் தெரிந்த ஆள் குழுவில் இல்லையென்றால் சாதாரண ப்ரொஃபைலில் எடுங்கள். 4கே 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றால் நிமிஷத்துக்கு 750 எம்பி, 64 ஜிபி கார்டு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும், அவ்வளவுதான். அதை இறக்கி வைக்க ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா? ஒரே பிரதி போதாது, இரண்டு இடத்தில் வேண்டும்.

கடையில் வாங்கும்போது லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள், ஒரு வெள்ளைச் சுவரை நோக்கி லென்ஸ் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி ஒரு படம் எடுத்துச் சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள், ஏற்கெனவே உள்ள கீறல்களை அவர்கள் முன்னாலேயே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது இந்தக் கீறல் யார் போட்டது என்ற பேச்சே வராது. உடைந்தால் ஆறு பேரும் சமமாகக் கட்டுவோம் என்று எழுத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கையில் பிடித்திருந்தவன் தலையில்தான் விடியும்.

எப்போது சரி? கதை இரவில் நடக்கிறது, ஒரே இடம், இரண்டு நடிகர், நாலைந்து பக்கம், கேமராவைக் கையில் பிடித்துப் பழகிய ஒருவர் குழுவிலேயே இருக்கிறார். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் தயங்குவேன்.

## கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன்

பெரியப்பா பையன், பக்கத்து வீட்டு அண்ணன், ஊர் ஸ்டுடியோக்காரர். கேமரா, இரண்டு மூன்று லென்ஸ், எல்இடி பேனல், காலர் மைக், கார், எல்லாம் அவரிடமே உண்டு. "காசெல்லாம் வேண்டாம் தம்பி" என்பார். பார்க்க இதைவிட லாபம் வேறென்ன?

காசு வேண்டாம் என்று சொன்னவரின் நாள்காட்டியில் நீங்கள் கடைசி வரி. சனிக்கிழமை காலை ஒரு சீமந்தம் வந்துவிட்டால் உங்கள் ஷூட்டிங் தள்ளிப்போகும், நீங்கள் கோபித்துக்கொள்ளவும் முடியாது. அதனால் சின்னத் தொகையாவது பேசிக் கொடுத்துவிடுங்கள், பெட்ரோலும் சாப்பாடும் தவிர்த்து. கொடுத்தவனுக்குத்தான் நேரம் கேட்கும் உரிமை.

இரண்டாவது, அவர் கை பழகியது கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை, பெண்ணைச் சுற்றிக் கிம்பலில் வட்டம் போட்டு, நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து, பாதி வேகத்தில் ஓட விடுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. உங்கள் கதையில் அப்பாவும் மகனும் ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிடுகிறார்கள் என்றால் அதற்கு அசையாத கேமரா வேண்டும். சொன்னால் கேட்பார், ஆனால் சொல்ல வேண்டும், அதுவும் உங்களைவிடப் பத்து வயது மூத்தவரிடம், நாலு பேர் முன்னால். அது எல்லா டைரக்டருக்கும் வராது. மதியத்துக்குள் நடிகர்கள் "அண்ணா, இப்படி நிற்கவா?" என்று கேமராமேனைக் கேட்க ஆரம்பித்துவிட்டால் அன்றைக்கு டைரக்டர் யாரென்று முடிவாகிவிட்டது.

இதற்கு ஒரு வழி, முந்தின நாளே ஷாட் லிஸ்ட்டை அவரிடம் கொடுத்து, வெறும் ஃபோனில் எடுத்த ஸ்டில்களால் ஒவ்வொரு ஷாட்டையும் காட்டிவிடுவது. தொழில்காரருக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால் உங்களில் யாரையும்விட வேகமாக எடுத்துக் கொடுத்துவிடுவார். லைட் வைப்பதில் அவர் வேகம் உங்களுக்கு ஒரு பாடம்.

மூன்றாவது, மதிப்பெண். வெளியாள் கேமரா பிடிக்கலாமா என்பது காலேஜுக்குக் காலேஜ் வேறு. வைவாவில் "ஒளிப்பதிவு யார்?" என்று கேட்டு, இந்த ஷாட்டுக்கு எந்த லென்ஸ், ஏன் என்று அடுத்த கேள்வி வந்தால் முழித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லை என்றால், அவர் விளக்கையும் மைக்கையும் மட்டும் கேளுங்கள், கேமராவை நீங்களே பிடியுங்கள். உண்மையில் எல்லாவற்றிலும் நல்ல ஏற்பாடு இதுவாகக்கூட இருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | மொபைல் | காலேஜ் கேமரா | வாடகை | கல்யாண அண்ணன் |
|---|---|---|---|---|
| கிடைக்கும் நாட்கள் | வேண்டிய அளவு | பகலில் மட்டும், லேப் திறந்திருந்தால் | பணம் உள்ளவரை, பெரும்பாலும் ஒன்று | முகூர்த்தம் இல்லாத நாள் |
| கைக்காசு | சாப்பாடு, பயணம், மைக் | சாப்பாடு, பயணம் | அதிகம் | பேசிக்கொள்வதைப் பொறுத்து |
| விட்டுப்போன ஷாட் | அன்றே எடுக்கலாம் | மறுபடி கடிதம் | மறுபடி வாடகை | மறுபடி கெஞ்சல் |
| இரவுக் காட்சி | பலவீனம் | கேமராவே கிடைக்காது | நன்று | நன்று, விளக்கும் வரும் |
| உடைந்தால் | ஃபோன்காரர் பாடு | ஹெச்ஓடி அறை | முன்பணமும் அதற்கு மேலும் | உறவு |
| எடிட்டரின் தலைவலி | ஃபிரேம் வேகம், வாட்ஸ்அப் | துண்டுக் கோப்புகள் | லாக், பெரிய கோப்புகள் | எல்லாமே ஸ்லோ மோஷன் |

## சத்தம்: அட்டவணையில் இல்லாத வரி

இதை அட்டவணையில் போடவில்லை, ஏனென்றால் நாலு வழியிலும் பதில் ஒன்றே. கேமராவில் உள்ள மைக்கை நம்பாதீர்கள். இரண்டு லட்ச ரூபாய்க் கேமராவாக இருந்தாலும் பத்தடி தள்ளி நிற்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஸ்டைல் என்று நினைத்துக்கொள்வார்கள், வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

ஆயிரம் ரூபாய்க்குள் போயா பிஒய்-எம்1 மாதிரி ஒயர் காலர் மைக் கிடைக்கிறது, ஒயர் 6 மீட்டர் நீளம். அதை இரண்டாவது ஒரு ஃபோனில் சொருகி நடிகரின் பாக்கெட்டில் போட்டுப் பதிவை ஓடவிடுங்கள், மிச்ச ஒயரைச் சுருட்டி உள்ளே வையுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் கேமராவைப் பார்த்து ஒரு கைதட்டு, எடிட்டில் இரண்டையும் அந்தத் தட்டில் பொருத்திக்கொள்ளலாம். இதற்கு க்ளாப் போர்டு வேண்டாம். காட்சி எண்ணை வாயால் சொல்லிவிட்டுத் தட்டினால் போதும்.

ஃபேனை நிறுத்துங்கள். நம் ஊர் வீட்டில் இது லேசான வேலை இல்லை, இரண்டாவது டேக்கிலேயே நடிகர் முகம் வேர்த்து மினுங்கும், யாராவது கட் சொன்னதும் ஃபேனைப் போட்டு, ரெடி சொன்னதும் நிறுத்த வேண்டும். அதற்கென்றே ஓர் ஆளை ஸ்விட்ச் பக்கத்தில் நிறுத்துங்கள், குழுவில் என்ன வேலை செய்வது என்று தெரியாமல் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் அந்த ஆறாவது ஆள் இதற்குத்தான். ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள், திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் என்று முன்னாலேயே கேட்டு வந்த ஒரு பெண் எடுத்த படத்தில் ஒரு வசனம்கூட டப்பிங் தேவைப்படவில்லை. காட்சி முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அரை நிமிஷம் அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், வசனங்களுக்கு இடையே ஒட்டுப்போட அது வேண்டும்.

டப்பிங்தான் என்று முடிவெடுத்தாலும் ஷூட்டிங்கில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். என்ன பேசினார் என்பது நடிகருக்கே இரண்டு வாரத்தில் மறந்துவிடும், திரைக்கதையில் உள்ளதை அவர் அப்படியே பேசியிருக்கவும் மாட்டார். டப்பிங் ஸ்டுடியோ மணிக் கணக்கு, புதியவர்களுக்கு உதடு பொருத்த நேரம் பிடிக்கும், நடிப்பில் இருந்த உயிரும் மைக் முன்னால் பாதி போய்விடும். வாடகை கேமராவில் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் பணம் இங்கே போகும்.

## என் கையில் மூவாயிரம் இருந்தால்

பத்துப் பக்கம், பகல், பல இடங்கள், பேசும் படம்: மொபைல். மைக்குக்கு ஓர் ஆயிரம், மிச்சம் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும். ட்ரைபாட் காலேஜிலிருந்து.

காலேஜுக்குள் நடக்கும் கதை, இன்னும் ஆறு வாரம் இருக்கிறது: காலேஜ் கேமரா. சப்மிஷனுக்கு மூன்று வாரம்தான் என்றால் ரெஜிஸ்டரில் உங்கள் பெயர் எத்தனாவது என்று பார்த்துவிட்டு மொபைலுக்குப் போய்விடுங்கள்.

நாலு பக்கம், இரவு, ஒரே வீடு: வாடகை, ஒரு நாள். அதற்கு முந்தின நாள் மொபைலில் அதே இடத்தில் அதே நடிகர்களை வைத்து முழுப் படத்தையும் ஒத்திகையாக எடுத்துப் பாருங்கள். அதை அப்படியே எடிட்டும் செய்து பார்த்தால் எந்த ஷாட் விட்டுப்போகிறது என்று வாடகை ஓடத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

ஒரு விபரீதக் கலவையும் அடிக்கடி வருகிறது: முதல் நாள் வாடகை, பணம் தீர்ந்ததும் மிச்சம் மொபைல். ஒரே உரையாடலில் இவர் முகம் சோனியில், அவர் பதில் ஃபோனில். இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லிக் கேட்பார்கள். முடியாது. கலந்துதான் ஆக வேண்டுமென்றால் கதைக்குள்ளேயே காரணம் இருக்கட்டும், நினைவுக் காட்சிகள் ஒன்றில், நிகழ்காலம் மற்றொன்றில் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

எந்த வழி என்றாலும் தேதியைக் குறிக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: அன்று முகூர்த்தமா, அந்த வாரம் மழையா, பக்கத்தில் கோயில் திருவிழாவா. அப்புறம் நடிகரைக் கேளுங்கள், முடி வெட்டப் போகிறாரா என்று. இரண்டாம் நாள் ஷூட்டிங்குக்கு ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நிற்பவருக்கு எந்தக் கேமராவிலும் வழி இல்லை.